பழைய லேசர் கண்ணாடி ஃபைபர் லேசருக்கு ஆகுமா?

ஆகாது. கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு வாங்கிய நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடியோடு பெங்களூரு பீன்யா பட்டறையின் புதிய ஃபைபர் லேசர் மார்க்கிங் (உலோகத்தில் குறி பொறிக்கும்) இயந்திரத்தை இயக்காதீர்கள்.

பழைய லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். கண்ணாடியின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அதை உறிஞ்சிவிடும். ஃபைபர் லேசருடையது சுமார் 1,064. அது நிறமற்ற பாலிகார்பனேட்டைக் கடந்து விழித்திரையில் குவியும். கண்ணுக்குப் புலப்படாத ஒளி, ஆகவே இமையும் தானாக மூடிக் காப்பாற்றாது.

வேலைக்குப் பின் கண் எரிவதற்கு உலோகப் புகை காரணமாக இருக்கலாம். ஆனால் பார்வையில் கரும்புள்ளி தெரிந்தால் அன்றே பெங்களூரு மின்டோ கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

புதுக் கண்ணாடி வாங்கும்போது சட்டத்திலோ வில்லையிலோ 1,064 அடங்கும் அலைநீள வரம்பும், அதற்கு நேராக OD (அந்த ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 6 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பச்சை நிறம் மட்டும் சான்றாகாது. எண் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரியான கண்ணாடி இருந்தாலும் கற்றையை நேரே பார்க்கக் கூடாது. இது நான்காம் வகுப்பு (மிக ஆபத்தான வகை) லேசர்: பித்தளையில் பட்டுத் தெறிப்பதும் கண்ணைக் கெடுக்கும், கை குறுக்கே போனால் தோல் வெந்துவிடும். மூடிய கூண்டும், கதவு திறந்தால் லேசரை நிறுத்தும் சுவிட்சும் முதலில் வேண்டும்.