லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் உடல்நலம்: கேள்வி பதில்

கேள்வி (சமூகவியல் மாணவி): அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வறுமையிலும் வெள்ளையரைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். 2006ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கீட்டில் அவர்களின் சராசரி ஆயுட்காலம் 80.6 ஆண்டுகள், வெள்ளையருக்கு 78.1. உடல் வலிமை உள்ளவர்களே பெரும்பாலும் ஊரைவிட்டுப் புறப்படுவதும், புகைப்பழக்கம் குறைவாக இருப்பதும் முக்கியக் காரணங்கள். ஆயினும் அமெரிக்காவில் தங்கும் ஆண்டுகள் கூடக் கூட உடற்பருமனும் அதைத் தொடரும் நோய்களும் கூடுகின்றன.

கேள்வி: நோயுற்றவர்கள் தாய்நாடு திரும்பி இறப்பதால் இறப்புக் கணக்கு குறைந்து தெரிகிறதா?

பதில்: ஓரளவு இருக்கலாம், ஆனால் முழு விளக்கம் அதுவன்று. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எளிதில் நாடு திரும்ப இயலாத கியூபர்களிடமும், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தங்கள் தீவில் இறந்தாலும் அமெரிக்கக் கணக்கில் சேரும் புவேர்ட்டோ ரிக்கோவினரிடமும் இறப்பு விகிதம் குறைவாகவே இருப்பதைக் காட்டியது.

கேள்வி (பொதுநல மருத்துவர்): இவர்கள் அனைவரையும் ஒரே பிரிவாகக் கருதலாமா?

பதில்: கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 1959 புரட்சிக்குப் பின் வந்த கியூபர்களுக்கு அரசின் உதவியும், 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிரந்தரக் குடியிருப்புக்கான வழியும் கிடைத்தன. 1942 முதல் 1964 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த மெக்சிகோ ஆண்களோ எல்லையில் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டு, குட்டைக் கைப்பிடி கொண்ட களைக்கொத்துடன் நாள் முழுதும் குனிந்து வேலை செய்தார்கள். முதுகெலும்பைப் பாழாக்கிய அக்கருவியைக் கலிஃபோர்னியா 1975இல்தான் தடைசெய்தது. 1980 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த எல் சால்வடோர் மக்கள், கண்ணெதிரே கண்ட கொலைகளின் மனக்காயத்தோடு, பெரும்பாலும் அடைக்கலமும் மறுக்கப்பட்டு வாழ்ந்தார்கள். 1917 முதலே குடியுரிமை பெற்ற புவேர்ட்டோ ரிக்கோவினரிடம் ஆஸ்துமா மிக அதிகம் என்பதால், குடியுரிமை ஒன்றே நலத்தைக் காத்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

கேள்வி (செவிலியர்): நாடுகடத்தப்படும் அச்சம் உடலைப் பாதிக்குமா?

பதில்: கருவில் இருக்கும் குழந்தையைக்கூடப் பாதிக்கும். 2008 மே மாதம் அயோவாவின் போஸ்ட்வில் நகர இறைச்சி ஆலையில் குடியேற்ற அதிகாரிகள் நடத்திய திடீர்ச் சோதனையில் ஏறத்தாழ 400 தொழிலாளர்கள் கைதானார்கள். அதற்குப் பின் அம்மாநிலத்தில் லத்தீன் அமெரிக்கத் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 சதவீதம் உயர்ந்தது. அமெரிக்காவிலேயே பிறந்து குடியுரிமை பெற்றிருந்த தாய்மாரும் இதற்குத் தப்பவில்லை என்பது மிகுந்த வேதனை தருகிறது.

கேள்வி (அதே மருத்துவர்): அப்படியானால் நோயாளியிடம் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: எந்த வயதில், எவ்வழியே வந்தார், என்ன வேலை செய்தார், யாரை ஊரில் விட்டு வந்தார் என்று கேளுங்கள். குடியேற்ற ஆவணம் உண்டா என்று கேட்க வேண்டாம். அவராகவே சொன்னாலும் மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டாம்.