கேட்டது கேட்டபடி: அணுவின் மாதிரியுருக்கள்

கேள்வி: "பெரும்பாலான அல்பாத் துணிக்கைகள் பொன் தகட்டினூடு நேராகச் சென்றதால் தொம்சனின் மாதிரியுரு பிழைத்தது" என்று எழுதினேன். ஆசிரியர் புள்ளி தரவில்லை. ஏன்?
- உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: நேராகப் போவது தொம்சனுக்கும் சாதகம்தான், அதுதான் காரணம். அவருடைய 1904 மாதிரியுருவில் நேரேற்றம் அணு முழுக்கப் பரவியிருக்கும், மஸ்கற் துண்டைப் போல. இலத்திரன்கள் அதில் பதிந்த கஜு. (தொம்சனின் இலத்திரன்கள் வளையங்களாகச் சுழன்றன, கஜு சுழலாது. உவமை அவ்வளவுதான் தாங்கும்.) இப்படிப் பரவிய ஏற்றம், ஓர் அணுவைக் கடக்கும் அல்பாவை (அதுவும் நேரேற்றமுள்ள துணிக்கைதான்) ஒரு பாகையின் சிறு பங்களவே திருப்பும். இலத்திரனோ அல்பாவை விட 7000 மடங்குக்கு மேல் இலேசு, அதனால் எதுவும் ஆகாது.

0.0004 மில்லிமீற்றர் தகட்டிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அணு அடுக்குகள் உண்டே, சிறு திருப்பங்கள் சேராதா? சேரும். ஆனால் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கமாகச் சேர்வதால் ஓரிரு பாகையோடு நின்றுவிடும். மன்செஸ்டரில் இரதபோட்டின் ஆய்வுகூடத்தில் கைகரும் மாஸ்டனும் அல்பாவைத் தகட்டில் செலுத்தி 1909இல் கண்டது வேறு. இரதபோட் 1911 கட்டுரையில் தரும் கணக்கு: அத்தகைய பொன் தகட்டில் ஏறத்தாழ 20,000க்கு ஒன்று சராசரி 90 பாகை திரும்பியது. ஒரே அணுவோடு நிகழும் ஒரே சந்திப்பில்தான் இது முடியும். எனவே ஏற்றமும் திணிவும் மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கியிருக்க வேண்டும். அந்த இடம்தான் கரு. பொன்னின் கருவை ஒரு மாபிளாக்கி, மட்டக்களப்பின் நீண்ட கல்லடிப் பாலத்தின் நடுவில் வைத்தால், அணுவின் விளிம்பு ஏறத்தாழப் பாலத்தின் இரு அந்தங்களிலும் வரும்.

விடையில் "மிகச் சில பெருங்கோணத்தில் திரும்பின" என்பதை முதலில் எழுதுங்கள்.

கேள்வி: இதை வகுப்பில் செய்து காட்ட வழியுண்டா?
- விஞ்ஞான ஆசிரியர், கல்முனை

பதில்: 60 சென்ரிமீற்றர் அகல அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, நான்கு பக்கமும் அடியில் 3 சென்ரிமீற்றர் வெட்டி, மூலைகளில் மட்டும் நிற்க விடுங்கள். உள்ளே கருவுக்குப் பதிலாக 7.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரின்பால் பேணி. மண் நிரப்பாவிட்டால் பேணி நகர்ந்துவிடும். முன்விளிம்பில் 3 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 20 இடங்களைக் குறித்து, சீட்டுக் குலுக்கி வந்த இடத்திலிருந்து 1.5 சென்ரிமீற்றர் மாபிளை நேராக உருட்டச் சொல்லுங்கள். சீட்டில்லாவிட்டால் பிள்ளைகள் நடுவுக்கே குறிவைப்பார்கள், கணக்குக் கெட்டுவிடும்.

மோதல்களை எண்ணினால் பேணியைப் பாராமலே அதன் விட்டத்தைக் கணிக்கலாம். 200 முறைக்கு ஏறத்தாழ 30 மோதும். 30ஐ 200ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 9 சென்ரிமீற்றர். பேணி 7.5தானே? மாபிளின் விட்டம் 1.5ஐக் கழிக்க மறந்தால் வரும் பிழை அது. ஐந்தாறு மோதல் கூடிக் குறைந்தாலும் பதறவேண்டாம்.

ஒரு குறை உண்டு. மாபிள் தொட்டால்தான் திரும்பும். அல்பாவோ கருவைத் தொடாமலே, மின் தள்ளுவிசையால் திரும்புகிறது. அதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இலத்திரன் குறித்த வட்டங்களில் மட்டும் சுற்றுவது இரதபோட் சொன்னதா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இல்லை, அதைச் சொன்னவர் நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி, 1913இல். இரதபோட் 1911இல் நடுவிலுள்ள ஏற்றம் நேரா மறையா என்பதைக்கூட முடிவுகட்டாமல் விட்டிருந்தார்.