ஐஸ்கிரீம் ஃப்ளோட் திரிந்துபோனால் குடிக்கலாமா?

கேள்வி: கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக வீட்டிலேயே பழ ஐஸ்கிரீம் ஃப்ளோட் செய்தேன். கிளாஸில் வெனிலா ஐஸ்கிரீமைப் போட்டு, ஆரஞ்சு ஜூஸும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டு, மேலே சோடா ஊற்றினேன். நுரை பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது. அடங்கியதும் பார்த்தால், பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள். அதற்குள் பாதியைக் குடித்துவிட்டார்கள். வயிற்றுக்கு ஏதாவது செய்யுமா? ஃப்ளோட்டுக்கென்றே ஒரு சிரப் இருக்கிறதாம், அதை ஊற்றினால் திரியவே திரியாது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. அந்த சிரப்பை வாங்காதீர்கள். இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று கேட்பவர்களுக்கு மீதி.

பால் கெட்டுப்போய்த் திரிவது வேறு, புளிப்புப் பட்டுத் திரிவது வேறு. கெட்ட பாலில் கிருமிகள் பெருகி, அவை உண்டாக்கும் அமிலத்தில் பால் திரிகிறது. உங்கள் கிளாஸில் அமிலத்தை ஊற்றியது நீங்கள்தான். பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்துக்குப் புளிப்பு ஓரளவுக்கு மேல் ஆகாது. புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6-ஐ நெருங்கினால் ஒன்றோடொன்று ஒட்டித் துணுக்காகிவிடும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம், அவ்வளவுதான் கணக்கு. ஆரஞ்சு மட்டும் விட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் திரிந்திருக்காது. வேலையைக் காட்டியது எலுமிச்சை. பார்க்க அழகாக இல்லை என்பதைத் தவிர அந்தத் துணுக்குகளில் குற்றம் இல்லை.

சோடாவும் லேசான புளிப்புதானே என்று அடுத்து கேட்பீர்கள். ஆமாம். ஆனால் வெறும் சோடாவின் புளிப்பு வலுவில்லாதது, பாலைப் பெரிதாக அசைக்காது. எனவே எலுமிச்சையை விட்டுவிடுங்கள். ரொம்ப ஆசையென்றால் கிளாஸுக்கு அரை டீஸ்பூன், அதுவும் ஐஸ்கிரீமின் மேல் படாமல் அடியில். புளிப்பான ஜூஸை அப்படியே ஊற்றுவதற்குப் பதில் பழத்தை சர்க்கரையோடு காய்ச்சி சிரப்பாக்கிச் சேர்த்தால், குறைந்த அளவிலேயே ருசி கிடைத்துவிடும், பாலுக்குப் போகும் புளிப்பும் குறையும். செய்தவுடன் குடிக்க வேண்டும். படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டுக் குடிக்கலாம் என்று வைத்தால் எந்த ஃப்ளோட்டும் காத்திருக்காது.

அடுத்தது நுரை. ஐஸ்கிரீமின் மேற்பரப்பு நம் கண்ணுக்குத்தான் வழவழப்பு. உண்மையில் அது காற்றுக் குமிழ்களும் பனித்துகள்களும் நிறைந்த கரடுமுரடான இடம். சோடாவில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியே வர அப்படி ஓர் இடத்தைத்தான் தேடுகிறது. வெளியே வந்த குமிழை ஐஸ்கிரீமில் உள்ள புரதமும் பசைப் பொருட்களும் உடையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதுதான் பொங்கி வழிந்தது. வாயுவை உள்ளேயே வைத்திருக்க நல்ல வழி குளிர்ச்சி. 20 டிகிரித் தண்ணீரில் கரைவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாயு 0 டிகிரித் தண்ணீரில் கரையும். வெளியில் கிடந்த சோடாவை உடைத்து ஊற்றினால் மேஜையைத் துடைக்கத் துணியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஐஸ்கிரீமைப் போட்டுவிட்டு சோடாவை ஊற்றியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். உயரமான கிளாஸைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடியில் மூன்று டேபிள்ஸ்பூன் பழ சிரப். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக 200 மில்லி சோடா. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். நுரை அடங்கட்டும். பிறகு ஐஸ்கிரீமைக் கரண்டியில் ஏந்தி, நீர்மட்டத்தைத் தொடும்போது மெல்ல நழுவவிடுங்கள். மேலேயிருந்து போடக் கூடாது. இன்னொன்று, ஐஸ்கிரீமை உருண்டைகளாக எடுத்து, தட்டில் வைத்து மூடி, ஒரு மணி நேரம் மறுபடி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் மேல்புறம் கல்லாக இறுகிவிடும். அப்படிப்பட்ட உருண்டை மெதுவாகத்தான் கரையும். ஐஸ் கட்டி வேண்டாம், தண்ணீராக்கிவிடும். பதிலுக்கு உறைய வைத்த பழத் துண்டுகள். திராட்சையென்றால் சின்னக் குழந்தைகளுக்கு நீளவாக்கில் நறுக்கித்தான் கொடுக்க வேண்டும், முழுசாகத் தொண்டையில் சிக்கும்.

சோடா இல்லாவிட்டால் சமையல் சோடாவையும் எலுமிச்சையையும் கலந்து குமிழ் வரவழைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். குமிழ் அரை நிமிடத்தில் போய்விடும், உப்புக் கரிப்பு மட்டும் மிஞ்சும்.

அன்னாசியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகும் கேட்காமல் செய்துவிட்டு, ஐஸ்கிரீம் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று எழுதுகிறார்கள். காய்ச்சாத அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி (என்சைம்) இருக்கிறது. அது பால் புரதத்தை ஒட்டவைப்பதோடு நிற்காது, துண்டு துண்டாக வெட்டும். வெட்டிய துண்டுகளில் சில கசக்கும். முதல் வாய் இனிப்பாக இருந்து, பத்து நிமிடம் கழித்துக் கசந்தால் காரணம் இதுதான். பப்பாளியிலும் கிவியிலும் இதே வகை நொதிகள் உண்டு. ஃப்ரீசரில் வைத்தால் நொதி செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். சாகாது. குளிரில் தூங்கும், கரைந்ததும் எழுந்துகொள்ளும். சூடு ஒன்றுதான் அதை முடிக்கும். அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரையோடு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, ஆறவைத்து, பிறகு சேருங்கள். டின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடேற்றப்பட்டது, அதை அப்படியே போடலாம். ஆனால் சூடுபடுத்தாமல் பிழிந்தது என்று பெருமையாக அச்சிட்ட ஜூஸ் பாட்டிலில் நொதி உயிரோடுதான் இருக்கும். மற்ற பெரும்பாலான பழங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இனி உங்கள் கடைக்காரர் சொன்ன சிரப். முன்பக்கம் பழம் வெட்டிச் சாறு தெறிக்கும் படம். பாட்டிலைத் திருப்புங்கள். உட்பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. முதல் இரண்டு இடங்களில் சர்க்கரையும் தண்ணீரும் இருக்கும். அப்புறம் 330 என்று ஓர் எண் வரும். அது சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சையில் இருக்கிற அதே புளிப்பு. திரியவே திரியாது என்றாரே, அந்தப் பாட்டிலுக்குள்ளேயே திரிய வைக்கும் சரக்கு இருக்கிறது! இரண்டு ஸ்பூன்தான் ஊற்றுகிறோம் என்பதால் திரியாமல் தப்பிக்கிறது. வீட்டு சிரப்பும் அதே காரணத்தால்தான் தப்பிக்கும். வித்தியாசம் விலையில்தான்.

சுவையூட்டப்பட்டது என்று எழுதியிருந்தால் பழமே இல்லாமலும் இருக்கலாம். ஜூஸ், நெக்டர், பழ பானம் மூன்றும் ஒன்றல்ல. நெக்டரில் பழத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 25 முதல் 50 சதவீதம் பழச்சாறாவது இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ். பானத்துக்கு வந்தால் அந்த அளவுகூடத் தேவையில்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டு, பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போக வேண்டியது வாங்குகிறவரின் பொறுப்பாம். பழத்தின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட அனுமதிக்கிறவர்கள், பழத்தின் சதவீதத்தை அதற்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சிரப் செய்ய அதிக நேரம் ஆகாது. 250 கிராம் ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, 125 கிராம் சர்க்கரையில் அரை மணி நேரம் ஊறவிட்டால் அதுவே நீர் விடும். சிறு தீயில் எட்டு பத்து நிமிடம். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மாம்பழத்தைக் காய்ச்ச வேண்டாம், மசித்தாலே போதும்.

ஐஸ்கிரீம் வாங்கும்போதும் பெட்டியின் பின்பக்கம்தான். பால் கொழுப்பா, தாவரக் கொழுப்பா என்று பாருங்கள். தாவரக் கொழுப்பில் செய்தது விஷமில்லை, ஆனால் குளிர்ந்த சோடாவில் சில சமயம் நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். பல நாடுகளில் அதை ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்கக் கூடாது. வேறு பெயரைச் சின்ன எழுத்தில் போட்டு, அதே அலமாரியில், அதே மாதிரிப் பெட்டியில் வைக்கிறார்கள். இன்னொரு தந்திரம் காற்று. ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் விற்கலாம், அதனால் பாதி அளவு காற்றாகவே இருக்க முடியும். பெட்டியில் எடையும் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். லிட்டருக்கு 500 கிராமை ஒட்டி இருந்தால் காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். 700 இருந்தால் நல்லது, ஃப்ளோட்டில் ருசியும் கெட்டியாக நிற்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது இடையில் இருப்பவர்கள். தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போது மைனஸ் 18 டிகிரி. பிறகு வண்டி, கிடங்கு, இன்னொரு வண்டி, இரவில் மின்கட்டணத்தை மிச்சப்படுத்த சுவிட்சை அணைக்கும் கடை. வழியில் எத்தனை முறை உருகி உறைந்தது என்பதற்குப் பெட்டியில் எந்தச் சாட்சியும் இல்லை. காலாவதித் தேதியை மட்டும் பளிச்சென்று அச்சடித்திருப்பார்கள். உருகாமல் வந்த பெட்டிக்குத்தான் அந்தத் தேதி பொருந்தும்.

ஆகவே திறந்ததும் பாருங்கள். மட்டம் ஒரு பக்கம் சரிந்து இறங்கியிருந்தால், மூடியின் ஓரத்தில் வழிந்து காய்ந்த பிசுக்கு இருந்தால், நாக்கில் மணல் மாதிரி பனி நெரிந்தால், அது வழியில் உருகிய சரக்கு. கடையில் திருப்பிக் கொடுங்கள். மாற்ற மாட்டேன் என்றால் அடுத்த முறை வேறு கடை. உங்கள் வீட்டிலும் இதே விதிதான். ஃப்ளோட் போட்டு முடிக்கும் வரை பெட்டியை மேஜையில் வைத்திருந்து, குழைந்ததைத் திரும்ப ஃப்ரீசரில் தள்ளாதீர்கள். வேண்டிய உருண்டைகளை முன்பே எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.