பைத்தான் டிக்‌ஷனரியை வரிசைப்படுத்துவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் உள்ள டிக்‌ஷனரியை வரிசைப்படுத்தும் சார்ட்டட் (sorted) ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன். பெயர்கள் மட்டும்தான் வந்தன. மதிப்பெண் எங்கே?

பதில்: டிக்‌ஷனரியை அப்படியே கொடுத்தால் பைத்தான் கீயை (இங்கே பெயரை) மட்டும்தான் எடுக்கும். ஐட்டம்ஸ் மெத்தடைப் போட்டுக் கொடுங்கள், இரண்டும் ஜோடியாக வரும். கிடைப்பது லிஸ்ட், டிக்‌ஷனரியாகவே வேண்டுமென்றால் அதை டிக்ட்டுக்குள் போடுங்கள்.

கேள்வி: டிக்‌ஷனரிக்கு வரிசையே கிடையாது என்று படித்தேனே?

பதில்: பழைய பாடமாக இருக்கும். 2018இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து, சேர்த்த வரிசை மாறாது என்பது மொழியின் விதி. ஆனால் சேர்த்த வரிசை மட்டும்தான். நாளை புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தால் அது கடைசியில்தான் போய் உட்காரும். அதனால் பட்டியலைக் காட்டும் நேரத்தில் வரிசைப்படுத்துவதே நல்லது.

கேள்வி: மதிப்பெண் இறங்குவரிசையில் வேண்டும், சமமாக இருந்தால் பெயர் ஏறுவரிசையில். ரிவர்ஸ் கொடுத்தால் பெயரும் தலைகீழாகிறது.

பதில்: சார்ட்டட்டுக்கு கீ (key) என்று, எதை வைத்து வரிசைப்படுத்துவது எனச் சொல்லும் லாம்ப்டாவை (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) கொடுங்கள். அது ஒரு டூப்பிளை (மதிப்புகளின் தொகுப்பு) திருப்பித் தரட்டும்: முதலில் மைனஸ் போட்ட மதிப்பெண், அடுத்து பெயர். ரிவர்ஸ் வேண்டாம். மதிப்பெண்ணுக்குப் பதில் எழுத்தில் கிரேடு இருந்தால் மைனஸ் போட முடியாது. அப்போது முதலில் பெயரால், அப்புறம் கிரேடால் என இரண்டு முறை வரிசைப்படுத்துங்கள். டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை, சமமானவற்றின் முந்தைய வரிசையைக் கலைக்காது.

கேள்வி: தேர்வு எழுதாதவர்களுக்கு நன் (None, மதிப்பு இல்லை) என்று வைத்திருக்கிறேன். டைப் எரர் வருகிறது.

பதில்: நன்னை எண்ணோடு ஒப்பிட பைத்தான் 3 மறுத்துவிடும். தயவுசெய்து பூஜ்யம் போடாதீர்கள். வராத பிள்ளையும் பூஜ்யம் வாங்கிய பிள்ளையும் ஒன்றல்ல. அவர்களைத் தனியே எடுத்து, கடைசியில் சேருங்கள்.

கேள்வி: தமிழ்ப் பெயர்களில் மலருக்கு முன்னால் மனோகர் வருகிறதே?

பதில்: பைத்தான் பார்ப்பது யூனிகோட் எண்ணை. அங்கே ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற. நம் வரிசையிலோ ற, ன இரண்டும் கடைசி. புள்ளியாலும் சிக்கல் உண்டு. அகராதியில் 'அக்கா' முதலில், 'அகம்' பிறகு. புள்ளியின் எண் ம-வின் எண்ணைவிடப் பெரியது என்பதால் பைத்தானில் 'அகம்' முந்திக்கொள்ளும். பைஐசியு (PyICU) நூலகத்தை நிறுவி, தமிழுக்கான கொலேட்டர் (மொழியின் வரிசை விதிப்படி ஒப்பிடும் கருவி) தரும் சார்ட் கீயைப் பயன்படுத்துங்கள். நூலகம் வேண்டாமென்றால் இன்னொரு டிக்‌ஷனரி போதும்: 247 எழுத்துகளுக்கும் வரிசை எண் கொடுங்கள், கிரந்த எழுத்துகளை அவற்றுக்குப் பின்னால் வையுங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து, அந்த எண்களின் லிஸ்டையே வரிசைப்படுத்தும் கீயாகத் தாருங்கள். பிரிக்கும்போது 'க்' ஒரே எழுத்தாக வர வேண்டும். புள்ளி தனியாகப் பிரிந்துவிட்டால் வரிசை மறுபடி குழம்பும்.