பயாலஜி படிக்காத மகளுக்கு பி.பார்ம் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து 600-க்கு 431 வாங்கியிருக்கிறாள். பார்மசி படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். எங்கள் ஊரில் அட்மிஷன் வாங்கித் தரும் ஒருவர், "பயாலஜி இல்லாததால் பி.பார்ம் கிடைக்காது. முதலில் வெளிமாநிலத்தில் டி.பார்ம் போடுவோம். கிளாஸுக்குப் போக வேண்டியதில்லை, பரீட்சைக்கு மட்டும் போனால் போதும். அப்புறம் இங்கே பி.பார்ம் இரண்டாம் வருடத்தில் நேராகச் சேர்த்துவிடலாம்" என்கிறார். மொத்தம் மூன்றரை லட்சமாம். வெள்ளிக்கிழமைக்குள் 50 ஆயிரம் முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுக்கச் சொல்கிறார். என் மைத்துனரோ பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு பார்மசிக்குப் போகலாம் என்கிறார். என்ன செய்வது ஐயா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். மார்க் ஷீட்டையும் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம் என்று சொல்லும் அளவுக்கு இது அவசரம் என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

உங்கள் மகள் பி.பார்ம், அதாவது பார்மசி பட்டப்படிப்பில், முதல் வருடத்திலேயே நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்து, இயற்பியல், வேதியியலோடு கணக்கு அல்லது உயிரியல், இரண்டில் ஏதாவது ஒன்றைப் படித்துத் தேறியிருந்தால் போதும். பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா, அதாவது பி.சி.ஐ., 2014-இல் கொண்டுவந்த பி.பார்ம் விதிமுறையே இப்படித்தான் சொல்கிறது. உயிரியல் படிக்காமல் வருகிறவர்கள் உண்டு என்று தெரிந்துதான் முதல் செமஸ்டரில் 'ரெமிடியல் பயாலஜி' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். செல், ரத்தம், செரிமானம், சுவாசம் என்று அடிப்படையிலிருந்து தொடங்குவார்கள். லேபில் ரத்த வகை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். பயாலஜி குரூப்பிலிருந்து கணக்கு படிக்காமல் வருகிற பிள்ளைகள் அதே நேரத்தில் பக்கத்து வகுப்பில் ரெமிடியல் மேத்ஸ் படித்துக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு மாதம் உடற்கூறியல் பாடம் உங்கள் மகளுக்குக் கொஞ்சம் மிரட்சியாக இருக்கும். தீபாவளிக்குள் சரியாகிவிடும். 30 வருடம் வகுப்பெடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், கணக்கு குரூப் பிள்ளைகள் அளவீடு, கான்சன்ட்ரேஷன் கணக்குகளில் முந்திக்கொள்வார்கள்.

இதில் எனக்குக் கோபம் வருவது எங்கே தெரியுமா? டி.பார்ம் என்ற பார்மசி டிப்ளமோவுக்கும் தகுதி இதேதான். இயற்பியல், வேதியியல், அதோடு உயிரியல் அல்லது கணக்கு. பி.பார்முக்குப் பத்தாத குரூப் டி.பார்முக்கு மட்டும் எப்படிப் பத்தும்? அந்த ஆளிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு விதி தெரியாமல் இல்லை. நேரடி அட்மிஷனில் அவருக்குக் கமிஷன் குறைவு, அவ்வளவுதான் விஷயம்.

வருடக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நேராகச் சேர்ந்தால் நான்கு வருடம், எட்டு செமஸ்டர், முடிந்தது. அவர் சொல்கிற வழியில் டி.பார்ம் இரண்டு வருடம், அதன்பின் மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ 500 மணி நேரப் பயிற்சி (குறைந்தது மூன்று மாதம்), அப்புறம் பி.பார்மில் மூன்று வருடம். ஐந்து வருடத்தைத் தாண்டுகிறது.

'கிளாஸுக்குப் போக வேண்டாம்' என்ற பேச்சுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. பார்மசியில் அஞ்சல் வழிப் படிப்பு கிடையாது. டி.பார்மில் 75 சதவீத வருகை வேண்டும், பி.பார்மில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக 80 சதவீதம். வகுப்புக்கே வராத பிள்ளைக்கு ஒரு கல்லூரி வருகைப் பதிவு போடுகிறது என்றால் அந்தக் கல்லூரி பொய்க் கணக்கு எழுதுகிறது என்று அர்த்தம். அந்தப் பொய்யில் உங்கள் மகளின் கையெழுத்தும் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். கையில் வெளிமாநில டி.பார்ம் சான்றிதழ், பளபளவென்று லேமினேட் செய்தது. மாநிலப் பார்மசி கவுன்சிலில் பார்மசிஸ்டாகப் பதிவுக்குப் போட்டிருந்தார். கவுன்சில் உண்மைத்தன்மை கேட்டு அங்கே எழுதியிருக்கிறது, மாதக்கணக்கில் பதில் இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் யாரிடமாவது சொல்ல முடியுமா என்று கேட்டார். பேச்சுவாக்கில் மேஜையில் கிடந்த ஒரு மருந்துச் சீட்டை அவரிடம் நீட்டினேன். அதில் ஒரு மாத்திரைக்கு எதிரே 'எச்.எஸ்.' என்று இருந்தது. அவருக்குப் புரியவில்லை. படுக்கப் போகும்போது சாப்பிட வேண்டியது என்று அர்த்தம், முதல் வருடப் பிள்ளைக்கே தெரியும். இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்ஸேட், மூட்டுவாதத்துக்குக் கொடுத்தது. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்பது கோணல்மாணலாக எழுதியிருந்தது. "இதை எப்படிச் சாப்பிடச் சொல்வீர்கள் தம்பி?" என்று கேட்டேன். "காலை ஒன்று, இரவு ஒன்று" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு அவரை அப்படி உட்கார வைத்தவர்கள் மேல்தான் ஆத்திரம்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. 'பி.சி.ஐ. அப்ரூவ்டு' என்று போர்டில் எழுதியிருப்பார்கள். ஒரு கல்லூரி படிப்பை நடத்த அனுமதி வாங்குவது ஒன்று. அங்கே படித்து முடித்தவர்களைப் பார்மசிஸ்டாகப் பதிவு செய்யலாம் என்று 1948-ஆம் வருடத்துப் பார்மசி சட்டத்தின் 12-ஆம் பிரிவின்கீழ் கிடைக்கும் அங்கீகாரம் வேறு. புதிய கல்லூரிகளிடம் முதலாவது மட்டும் இருக்கும். முதல் பேட்ச் முடிக்கும் சமயத்தில்தான் இரண்டாவது கிடைக்கும். அதில் தாமதம் வந்தால் பிள்ளைகள் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஏற்கெனவே சில பேட்ச் வெளியே போன கல்லூரியாகப் பாருங்கள். பி.சி.ஐ. இணையதளத்தில் மாநில வாரியாகக் கல்லூரிப் பட்டியல் இருக்கிறது. எந்தப் படிப்பு, எத்தனை இடம், எந்தக் கல்வியாண்டு வரை என்று மூன்றையும் பாருங்கள். டி.பார்முக்கு அனுமதி வைத்துக்கொண்டு பி.பார்முக்கு ஆள் சேர்ப்பவர்களும் உண்டு.

இதையெல்லாம் ஒரு விவசாயியோ கடைக்காரரோ ஆங்கில இணையதளத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? தமிழில் ஒரு பக்கம் போட எத்தனை நாள் ஆகும்? கல்லூரிகள் மிதமிஞ்சிப் பெருகுகின்றன என்று சொல்லி 2019-இல் பி.சி.ஐ.யே புதிய கல்லூரிகளுக்கு ஐந்து வருடத் தடை போட்டது. அந்தத் தடை செல்லாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை முடிவாகிவிட்டது. முறையாக விதி எழுதிச் செய்திருக்க வேண்டியதை வெறும் தீர்மானமாகப் போட்டதன் விளைவு. அதே வருடம் நவம்பரில், போலிப் பார்மசிஸ்டுகள் பற்றிய பீகார் வழக்கில், இதைக் கண்காணிப்பது மாநிலக் கவுன்சிலின், அரசின் கடமை என்று அதே நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. சொல்ல வேண்டிய நிலைமை வந்ததே வெட்கக்கேடு.

மைத்துனர் சொன்ன பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வழி வேண்டாம். அந்த மூன்று வருடத்துக்கு பி.பார்மில் எந்தச் சலுகையும் இல்லை. மறுபடி முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஃபார்ம்.டி. என்று இன்னொரு பார்மசி படிப்பும் இருக்கிறது. ஆறு வருடம், கடைசி வருடம் மருத்துவமனைப் பயிற்சி. வார்டில் நோயாளிகளோடு வேலை செய்ய ஆசை இருந்தால் நல்ல படிப்பு. பி.பார்ம் முடித்த பிறகும் அதில் நான்காம் வருடத்தில் சேர வழி இருப்பதால் இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

டி.பார்ம் படிப்பே மட்டம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண், தந்தை இறந்து வீட்டில் இரண்டு தம்பிகள். நான்கு வருடம் காத்திருக்க வசதியில்லை. உள்ளூரில் முறையாக டி.பார்ம் முடித்து, பதிவு செய்து, ஒரு மருந்துக் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். தம்பிகள் தலையெடுத்த பிறகு பி.பார்மில் மூன்றாம் செமஸ்டரில் வந்து சேர்ந்தாள். லேட்டரல் என்ட்ரி என்கிற இந்த நேரடி இரண்டாம் வருடச் சேர்க்கை இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இருக்கிறது. அங்கேயும் சும்மா விட்டுவிட மாட்டார்கள். முதல் வருடத்துக்குரிய கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் பாடங்களைச் சேர்த்து எழுத வேண்டும். டி.பார்ம் பி.சி.ஐ. அங்கீகாரம் உள்ள கல்லூரியில் படித்ததாக இருக்க வேண்டும். டி.பார்மோடு நின்று பதிவு செய்ய நினைக்கிறவர்களுக்கு, 2022-இல் வந்த விதிப்படி எக்ஸிட் எக்ஸாம் என்ற தகுதித் தேர்வும் இருக்கிறது. மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் வேண்டும். வகுப்புக்குப் போகாதவர் இதில் என்ன எழுதுவார்? ஆக, உடனே சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் உள்ள வீட்டுக்கு டி.பார்ம் சரியான வழி. உங்கள் வீட்டில் அந்தக் கட்டாயம் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை.

இனி செய்ய வேண்டியது. தமிழ்நாட்டில் பி.பார்முக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு, துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பம் கேட்கும்போது அதிலேயே பி.பார்மும் வரும். அந்த விளக்கக் குறிப்பேட்டை இறக்கி, பி.பார்முக்கான தகுதிப் பக்கத்தை மகளை விட்டே வாசிக்கச் சொல்லுங்கள். 431-க்கு அரசுக் கல்லூரி இடம் கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன். சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதே கலந்தாய்வில் வரும், அதைக் குறி வையுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் மட்டும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போங்கள். அப்போதும் கல்லூரி அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய், நான்கு வருடக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கி, கல்லூரிப் பெயரில் ரசீது பெற்றுக் கட்டுங்கள். போகிற அன்று லேபையும் எட்டிப் பாருங்கள். மேஜையில் தூசி படிந்திருக்கிறதா, பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறார்களா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தால், கல்லூரியின் பெயரையும் அது டி.பார்முக்கு பி.சி.ஐ. அனுமதி வாங்கிய கடிதத்தின் நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் மார்க் ஷீட் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும். ஜெராக்ஸ் மட்டும் பத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கலந்தாய்வுக்குத் தேவைப்படும்.