மார்ஃபின் என்றதும் வீடு கலங்க வேண்டியதில்லை
வாசகர் கேள்விகள்: புற்றுநோய் வலித்தணிப்பு மருத்துவர் பதிலளிக்கிறார்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அதைத் தொடங்கிவிட்டால் கடைசிக் கட்டம் என்று பொருள், பழகிவிட்டால் விடவும் முடியாது" என்று பெரியப்பா தடுக்கிறார். அப்பாவும் "தாங்கிக்கொள்கிறேன்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் "தாங்கிக்கொள்கிறேன்" என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குப் "பரவாயில்லை டாக்டர்" என்றார். இரவில் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா என்று கேட்டேன். அவர் பேசவில்லை, அவருடைய மனைவிதான், பத்து நாட்களாக அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் விளிம்பில் தலை சாய்த்தே விடிய வைப்பதாகச் சொன்னார். அப்போதுதான் அவர் தோளில் கிடந்த துண்டைக் கவனித்தேன். அதன் ஒரு முனை கடித்துக் கடித்து நைந்துபோயிருந்தது. எனவே உங்கள் அப்பாவிடம் வலி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார், குளிக்கும்போது கையைத் தூக்க முடிந்ததா, சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஏன் எழுந்தார் என்று கேளுங்கள். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று மருத்துவமனையில் எண்ணாகச் சொல்லச் சொல்வார்கள். அந்த எண்ணை நோயாளியே சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அல்ல.

இனி உங்கள் பெரியப்பாவின் அச்சம். அது வெறும் அறியாமையன்று. நெடுங்காலமாக மார்ஃபின் இறுதி நாட்களில் மட்டுமே கொடுக்கப்பட்டு வந்ததால், மருந்தைப் பார்த்த கண்கள் மரணத்தையும் உடன் பார்த்தன. இன்று மார்ஃபினைத் தொடங்குவதை முடிவு செய்வது வலியின் கடுமைதான். ஆயுளின் மிச்சம் அன்று. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மார்ஃபின் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வலிக்கான காரணம் கதிர்வீச்சாலோ வேறு சிகிச்சையாலோ குறைந்தபின் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். "இப்போதே கொடுத்துவிட்டால் வலி முற்றும்போது எதைக் கொடுப்பது" என்றும் சிலர் கேட்பார்கள். பாரசிட்டமால் போன்றவற்றுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. மார்ஃபினுக்கு அப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. வலி கூடினால் மருத்துவர் அளவைக் கூட்டுவார்.

பழக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. தொடர்ந்து எடுத்துக்கொள்ளும்போது உடல் மருந்துக்குப் பழகும். அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது என்கிறோம். சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இதே விதி உண்டு. போதைக்கு அடிமையாவது என்பது மனம் மருந்தைத் தேடி அலையும் நிலை. வலிக்காகச் சரியான அளவில், கண்காணிப்புடன் எடுத்துக்கொள்ளும் புற்றுநோயாளிகளிடம் இது அரிது. முன்பு மது அல்லது வேறு போதைப் பழக்கம் இருந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்போதும் மருந்தை மறுக்க மாட்டார்கள், கண்காணிப்பை நெருக்கமாக்குவார்கள்.

கவலைப்பட வேண்டிய பக்கவிளைவுகள் வேறு. மார்ஃபின் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு மலச்சிக்கல் வரும், நாள் செல்லச் செல்ல அது தானாகச் சரியாகாது. ஆகையால் முதல் மாத்திரையோடேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். குமட்டலும் மந்தமும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். எழுப்பினாலும் எழாத உறக்கம், மூச்சு மிகவும் மெதுவாதல், குழப்பமான பேச்சு, தசைகள் வெட்டிவெட்டி இழுத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் மார்ஃபினின் எச்சம் தேங்கும் என்பதால் அவர்களுக்கு அளவோ மருந்தோ மாற வேண்டியிருக்கும்.

உங்கள் அப்பாவின் வலி எலும்பிலிருந்து வருவதால் மாத்திரையோடு நின்றுவிட வேண்டாம். வலிக்கும் எலும்புக்குக் கதிர்வீச்சு கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பலருக்கு ஒரே ஒரு வேளைக் கதிர்வீச்சே போதுமானதாக இருக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், முதல் ஓரிரு நாட்கள் வலி சற்றுக் கூடவும் செய்யலாம். அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். ஆனால் முதுகுவலியோடு கால்கள் துவண்டாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் மலக் கட்டுப்பாடு தவறினாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் நெரிபடுவதன் அடையாளம் அது. அன்றைக்கே காட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1967இல் லண்டனில், இறுதிநிலை நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், உடல்வலியோடு மனவேதனையும் குடும்பக் கவலையும் உள்ளத் தவிப்பும் சேர்ந்ததே முழு வலி என்றார். உங்கள் அப்பா மறுப்பதற்குப் பின்னால் செலவைப் பற்றிய கணக்கோ, முடிக்காமல் விட்ட பொறுப்போ இருக்கலாம். மாத்திரையை நீட்டுவதற்கு முன் ஒரு மாலை அவரருகில் உட்கார்ந்து அதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வலி வரும்போது மட்டும் அம்மாவுக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்து வந்தோம். மருத்துவமனையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயம் கொடுக்கச் சொல்கிறார்கள். வலி இல்லாதபோது எதற்கு? மேலும் எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப் எதிலும் அது கிடைக்கவில்லையே, ஏன்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், அதன் பலன் நான்கு மணி நேரம் நிற்கும். வலி வந்தபின் கொடுத்தால் அந்த அரை மணி நேரம் முழுவதையும் உங்கள் அம்மா தவித்தே கழிக்க வேண்டும், அடங்கியபிறகும் அடுத்த வலியை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, முடிந்தவரை வாய்வழியாகவும் கடிகாரத்தைப் பார்த்தும் கொடுக்கச் சொன்னது. அதில் இருந்த, எளிய வலி மாத்திரையில் தொடங்கி மார்ஃபின் வரை செல்லும் மூன்று படிகளை ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. கடும் வலியென்றால் தொடக்கத்திலேயே மார்ஃபின் கொடுக்கலாம். கடிகாரம் பற்றிய விதி மட்டும் மாறவில்லை.

நடுநிசியில் எழுப்ப வேண்டியிருக்குமே என்று தயங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். படுக்கும்முன் கொடுக்கும் அளவைக் கூட்டியோ, 12 மணி நேரம் நிற்கும் மாத்திரைக்கு மாற்றியோ தருவார். இடையில் வலி பீறிட்டால் கொடுப்பதற்கென்று ஓர் உதிரி வேளையையும் எழுதித் தருவார். ஒரு பழைய நோட்டில் நேரம், மாத்திரை, வலியின் எண் மூன்றையும் குறித்து வாருங்கள். உதிரி வேளை அடிக்கடி தேவைப்பட்டிருந்தால் அந்த நோட்டை வைத்துத்தான் மறுமுறை அளவைக் கூட்டுவோம்.

கடையில் கிடைக்காததற்குக் காரணம் சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடத்தலைத் தடுக்க வந்தது. அதன் உரிமச் சிக்கல்களால் மருத்துவமனைகளே மார்ஃபினைக் கைவிட்டன. மார்ஃபின் எடுக்கப்படும் அபினியை நம் நாட்டு வயல்களிலேயே அரசு பயிரிடச் செய்கிறது, ஆனாலும் நம் நோயாளிகளுக்கு அது எட்டவில்லை என்ற நிலை நீண்ட காலம் நீடித்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு பொறுப்பதில்லை. கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒன்று பதிவேட்டில் கணக்கு வைத்து, தன் நோயாளிகளுக்குத் தானே வழங்கலாம். எனவே கடைகளில் அலையாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புற்றுநோய் மையத்திலோ உள்ள வலித்தணிப்புப் பிரிவைக் கேளுங்கள். அம்மாவால் நடமாட முடியாவிட்டால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தரும் பிரிவு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் அக்குளிலும் மேற்கையிலும் தீப்பட்டதுபோல் எரிகிறது. அதற்குக் கொடுத்த மாத்திரை மனச்சோர்வுக்கு உரியது என்கிறார் கடைக்காரர். என் வலி வெறும் மனப்பிரமை என்று நினைக்கிறார்களா?
– வாசகி, ஈரோடு

பதில்: இல்லை, அம்மா. உங்கள் வலி உண்மையானது. அக்குளின் வழியே மேற்கைக்குச் செல்லும் மெல்லிய நரம்பு அறுவையின்போது பாதிக்கப்படலாம். எரிச்சல், மின்னல் வெட்டு, சேலை உரசினாலே கூசுதல் எல்லாம் நரம்புவலியின் குணங்கள். இத்தகைய வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்துதான் என்றாலும், அதற்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில் நரம்புவலியையும் தணிக்கும். கபாபென்டின், பிரிகாபலின் என்ற வலிப்பு மருந்துகளும் அப்படித்தான். இரண்டு வாரங்கள் பொறுத்துப் பலனைப் பாருங்கள். வாய் உலர்ந்தாலும் காலையில் தள்ளாடினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு விழுங்க முடியாததால் ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல் வெந்நீர்ப்பை வைக்கலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: வைக்கவே கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உடலுக்குள் இறங்கி, மூச்சையே தாழ்த்திவிடக்கூடும். கடும் காய்ச்சல் வந்தாலும் இதே ஆபத்து உண்டு என்பதால் உடனே தெரிவியுங்கள். பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒரு முறை, வேறு இடத்தில், முடியில்லாத உலர்ந்த தோலில் ஒட்டுங்கள். ஒட்டிய நாளையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். அதனால் பசையுள்ள பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, பேரக்குழந்தைகளின் கைக்கு எட்டாமல் ஒரு டப்பாவில் போட்டுவைத்து, அடுத்த முறை வரும்போது மருத்துவமனையில் ஒப்படைத்துவிடுங்கள்.