அரசு தரும் வக்கீல் கட்டணம் யாருக்குச் சேரும்?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். முதுகுத்தண்டு பாதிப்பால் வேலைக்குப் போக முடியவில்லை. உடல் இயலாமைக்கான உதவித்தொகையை சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் மறுத்தது. ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பிவிட்டது. எனக்கு வரவேண்டிய உதவித்தொகை நிலுவையில் 25 சதவீதம் தருவதாக வக்கீலிடம் ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கிறது. இப்போது அரசிடமும் கட்டணம் கேட்கப்போவதாக இன்னொரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். இரண்டு பக்கமும் வாங்குகிறாரா? எனக்குப் பழைய கல்விக்கடன் பாக்கியும் உண்டு.

பதில்: சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தாள் உங்களுக்கு லாபமானது.

அமெரிக்காவில் வென்றாலும் தோற்றாலும் அவரவர் வக்கீலுக்கு அவரவரே பணம் கட்டவேண்டும். இதற்கு விலக்காக 1980இல் ஒரு சட்டம் வந்தது. நீதிமன்ற வட்டாரத்தில் 'ஈஜா' (EAJA, Equal Access to Justice Act) என்பார்கள். அரசுடன் வழக்காடி வென்றவரின் நிகரச் சொத்து மதிப்பு 20 லட்சம் டாலரைத் தாண்டாதிருந்தால், வக்கீல் கட்டணத்தை அரசே தரவேண்டும். தங்கள் நிலைப்பாட்டுக்கு நியாயமான அடிப்படை இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்தால் தப்பலாம். உதவித்தொகை இன்னும் கைக்கு வரவில்லையே என்று தயங்க வேண்டாம். முடிவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் சட்டப்பிரிவின் 'நான்காம் வாக்கியம்' தீர்ப்பில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா பாருங்கள். (சட்டப்பிரிவின் வாக்கியங்களை எண்ணிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!) இருந்தால், நீங்கள் வென்றவர்தான், 1993இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். பிறகு உங்களுக்கு 60,000 டாலர் நிலுவை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு 15,000. நீதிமன்றம் அதை முழுதாக அனுமதிக்கிறது. அரசு ஈஜாவில் ஏற்கெனவே 6,000 கொடுத்திருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டையும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது; சிறிய தொகையை உங்களிடம் திருப்பித் தரவேண்டும். ஆக, உங்கள் நிலுவையிலிருந்து உண்மையில் போவது 9,000தான். இந்தத் திருப்பித் தரும் வாசகம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். சட்டத்தில் இருக்கிறது என்றாலும், தாளில் இருப்பது நல்லது.

கெடு முக்கியம். தீர்ப்பு இறுதியான பிறகு 30 நாட்களுக்குள் மனு போடவேண்டும். அரசின் மேல்முறையீட்டுக்கான 60 நாட்கள் கழிந்த பிறகே அந்த 30 நாள் ஓடத் தொடங்கும். எந்தத் தேதியில் மனு போடுகிறார் என்று வக்கீலிடம் இன்றே கேளுங்கள்.

கல்விக்கடன்தான் எனக்கு உறுத்துகிறது. ஈஜா பணம் சட்டப்படி வக்கீலுக்கு அல்ல, உங்களுக்கே சேரும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்க இனிக்கும். ஆனால் உங்கள் பணம் என்பதாலேயே, ஃபெடரல் அரசுக்கு நீங்கள் வைத்திருக்கும் பாக்கியை அதில் கழித்துக்கொள்ளலாம். வக்கீல் கேட்கும் கையெழுத்து, அந்தப் பணத்தை அவர் பெயருக்கு மாற்றித் தருவதற்காக இருக்கும். பாக்கி ஏதும் இல்லாதபோதுதான் அரசு அதை மதிக்கும். உங்கள் கடன் ஃபெடரல் கடனா, தவணை தவறியிருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போடும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.